பாடியவள் பெயர் என்ன?



கராம்புக்குப் பேர்போன ஸன்ஸிபார் தீவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆபிரிக்காவின் கிழக்குக் கரையோரம் இருக்கிறது. இன்று தன்ஸானியா நாட்டுடன் இணைந்தது. நம்மைப் போலவே இந்து சமுத்திரத்துப் பருவக் காற்றை நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள். நம்மைப் போலவே பெரும்பாலும் ஷாபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். மவ்லிது ஓதுகிறார்கள், கலியாண வீட்டில் பிரியாணி ஆக்குகிறார்கள். அந்தத் தீவுப் பெண்கள் தங்களுக்கென்று நடத்தி வந்த பாட்டுச் சங்கங்களைப் பற்றி உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும் என்று நெடுநாள் ஆசை.

பாட்டுப் பற்றியா, அதுவும் குடும்பச் சஞ்சிகையிலா என்று உங்களில் சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இசையைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதிலே தீர்ப்புச் சொல்ல நான் யார்? பெருநாள் தினத்தன்று ஆயிஷா நாயகி (ரழி) அவர்களின் வீட்டில் அன்ஸாரிச் சிறுமியர் இருவர் பாடிக்கொண்டிருந்ததையும், அதைக் கண்டித்த அபூபக்ர் (ரழி) அவர்களிடம் பெருமானார் (ஸல்) அவர்கள் விட்டுவிடும்படி சொன்னதையும் நாம் யாவரும் அறிவோம். அதற்கு விளக்கம் சொல்லும் தகுதியுள்ளவர்கள் சொல்லட்டும். நான் பேச வந்தது வேறொன்று. ஒரு பெண்ணின் குரல் அவள் வாயை விட்டு வெளியே போன பின்பு, அதன் பெயர் யாருக்குப் போகிறது? அதன் காசு யாருக்குப் போகிறது? அது எங்கே கேட்கலாம், எங்கே கேட்கக் கூடாது என்று தீர்மானிப்பவர் யார்? தாலாட்டுப் பாடிய எந்த உம்மாவுக்கும் இந்தக் கேள்வியில் பங்கு உண்டு.

ஸன்ஸிபாரில் தஅரப் என்று ஓர் இசை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சுல்தான் பர்கஷ் என்பவர் எகிப்திலிருந்து இதை அரண்மனைக்கு வரவழைத்தார். தீவுக்காரர் ஒருவரை கெய்ரோவுக்கு அனுப்பி கானூன் வாத்தியம் பழகி வரச் செய்தார் என்று சொல்வார்கள். கானூன் என்பது மடியில் வைத்து மீட்டும், எழுபதுக்கும் மேற்பட்ட நரம்புகள் கொண்ட வாத்தியம். 1905இல் நகரத்து ஆண்கள் சிலர் கூடி இக்வானி ஸபா என்ற சங்கத்தை அமைத்தார்கள். அப்பாஸிய காலத்து பஸராவில் இருந்த அறிஞர் குழுவான இக்வானுஸ் ஸபாவின் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்கள். உறுப்பினர்களே வாத்தியம் வாங்கினார்கள், உறுப்பினர்களே பாடினார்கள். நூறு வருஷம் கடந்தும் அந்தச் சங்கம் நிலைத்திருக்கிறது. ஆனால் பாட்டெல்லாம் அறபு மொழியில். பாடியதும் ஆண்கள். சாதாரண சனங்களில் அனேகருக்கு ஒரு சொல்லும் விளங்காது.

அந்தப் பூட்டைத் திறந்தவள் ஒரு சட்டி பானை விற்ற பெண்.

1880ஆம் ஆண்டளவில் பூம்பா என்னும் கிராமத்தில் பிறந்தாள். அடிமை வழிவந்த பெற்றோர். பிள்ளைக்கு அவர்கள் வைத்த பெயர் ம்தும்வா. சுவாஹிலி மொழியில் அதற்கு அடிமை என்று அர்த்தம். அந்தத் தீவில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1897இல்தான் என்றால், அந்தப் பெயரின் பாரத்தை நீங்களே நினைத்துப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாது. உம்மாவோடு சேர்ந்து மண் சட்டி வனைந்து, தலையிலே சுமந்து, தெருத் தெருவாகக் கூவி விற்றாள். அவள் கூவும் சத்தம் தூரத்திலேயே கேட்கும், கேட்டவர்கள் வாசலுக்கு வந்து நிற்பார்கள் என்பது இன்றைக்கும் அங்கே சொல்லப்படும் கதை.

1911இல் நகரத்துக்கு வந்தாள். இக்வானி ஸபாவைச் சேர்ந்த ஒருவர் அவளுடைய குரலைக் கேட்டு, அறபுப் பாட்டும் குர்ஆன் ஓதும் முறையும் கற்றுக்கொடுத்தார். கச்சேரிகளில் பாடப் பாட, ம்தும்வா என்ற பெயர் போய், சித்தி என்ற பெயர் வந்தது. சித்தி என்றால் சீமாட்டி. நம் ஊர்களில் சித்தி ஸுபைதா, சித்தி பரீதா என்று பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோமே, அதே சித்திதான். அடிமை என்று தொட்டிலில் இட்ட பெயரை சீமாட்டி என்று சனங்கள் மாற்றினார்கள். சித்தி பின்த் ஸஅத் என்று சரித்திரத்தில் அவள் நிற்கிறாள்.

பொறாமைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? நேற்றுவரை பானை சுமந்து திரிந்தவள்தானே, முகத்திலும் ஒரு லட்சணம் இல்லையே என்று அவளைக் குத்திப் பாட்டுக் கட்டினார்கள். அவளும் பாட்டாலேயே பதில் சொன்னாள். அழகு ஒரு பொருட்டா, குடிப்பிறப்பு ஒரு பொருட்டா, புத்தியல்லவா மனிதருக்கு வேண்டும் என்ற கருத்தில் அமைந்தது அது. அந்தப் பதிலை இன்றும் தீவில் சொல்லிக் காட்டுவார்கள்.

ஆனால் எனக்கு அவள் குரலைக் காட்டிலும் அவளுடைய வீடுதான் பெரிதாகப் படுகிறது. நகரத்தின் கல்வீட்டுச் சீமான்கள் இருந்த பகுதிக்கு அப்பால், கடற்கழிக்கு அக்கரையில், ஏழைகளும் அடிமை வழிவந்தவர்களும் குடியிருந்த ஙாம்போ என்ற பகுதி. மறுகரை என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். அங்கே அவள் வீட்டிலே மாலை நேரங்களில் ஊத், வயலின் வாசிக்கிறவர்களும் பாட்டுக் கட்டுகிறவர்களும் அயலவரும் கூடுவார்கள். அன்றைக்கு ஊரில் நடந்தது என்ன, வழக்கில் என்ன தீர்ப்பு, யார் யாரை ஏமாற்றினார் என்று பேச்சு நடக்கும். அந்தப் பேச்சிலிருந்தே பாட்டுப் பிறக்கும். ஒருவர் ஒரு அடி சொல்ல, மற்றவர் திருத்த, சித்தி ராகம் போட்டுப் பார்க்க, இப்படியாகக் கூட்டாகச் சமைத்த பாட்டுகள். மொழியும் சனங்களின் சுவாஹிலிதான். பத்திரிகை வாசிக்கத் தெரியாத சனங்களுக்கு அதுவே பத்திரிகையாக இருந்தது.

ஒரு பாட்டின் கதையைச் சொல்கிறேன். கிஜிதி என்பது அதன் பெயர். பெரிய நிலத்திலிருந்து தீவைப் பார்க்க வந்த ஒரு பெண்ணை அந்தப் பெயருடைய ஒருவன் கொலை செய்துவிட்டு அக்கரைக்குத் தப்பி ஓடிவிட்டான். வழக்கு வந்தது. கொலைகாரன் கூண்டில் இல்லை. அவளோடு கூடப் போன பெண்கள்மீதே குற்றம் திரும்பியது. ஆட்சியாளரின் நீதிமன்றத்தை எதிர்த்து அக்காலத்தில் யார் வாய் திறப்பார்? சித்தியின் குழு அதைப் பாட்டாக்கி ஊரெல்லாம் கொண்டு போனது. இறந்தவளுக்காகப் பரிந்து பேசிய அந்தப் பாட்டு, தீவுச் சனங்கள் தலைமுறை தலைமுறையாக மறக்காத பாட்டு.

1928இல் அவளும் அவளுடைய குழுவினரும் கப்பலேறி பம்பாய் போனார்கள். கிராமபோன் கொம்பனி அவர்களின் பாட்டுகளை இசைத்தட்டில் பதிந்தது. கிழக்காபிரிக்காவிலிருந்து போய் இசைத்தட்டில் குரல் பதிந்த முதற் பெண் அவளே. அந்தத் தட்டுகள் கோப்பிக் கடைகளில் சுழன்றன. அவளைக் கண்ணால் காணாதவர்களும் அவளைக் கேட்டார்கள். அண்மையில் அந்தப் பழைய பதிவுகளில் ஒன்றை என் கைத்தொலைபேசியில் கேட்டேன். தாச்சியில் எண்ணெய் பொரிவது போல ஓர் இரைச்சல், அதற்கு உள்ளே இருந்து மெல்லிய, விட்டுக்கொடுக்காத ஒரு குரல். தட்டு இருக்கும் காலமெல்லாம் அந்தக் குரலோடு அவள் பெயரும் சேர்ந்தே வருகிறது. தட்டின் நடுவிலுள்ள காகித வட்டத்தில் பெயர் அச்சிட்டிருக்கிறதே! 1950இல் அவள் மௌத்தாகும் முன்பே ஷஅபான் ரொபர்ட் என்ற பெரும் புலவர் அவளிடம் நேரில் கேட்டு அவளுடைய வாழ்க்கைச் சரித்திரத்தை எழுதினார்.

அவளுக்குப் பின்பு வந்த பெண்கள் சங்கம் சங்கமாகச் சேர்ந்தார்கள். நூருல் உயூன் என்று ஒன்று. நேவி என்று இன்னொன்று. ஆம், கடற்படைதான்! பிரித்தானியரின் படைப் பெயரை ஏன் வைத்தார்கள் என்று கேட்டால், போட்டி அப்படி. ஒரு சங்கம் கலியாண வீட்டில் பாடினால் மற்றச் சங்கம் அடுத்த கலியாணத்துக்குள் பதில் பாட்டுக் கட்டியாக வேண்டும். ஒரே விதமான துணி எடுத்து உடுத்திக்கொண்டு வருவார்கள்.

தஅரப் பாடும் மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வியப்பும் வந்தது. பாடகி பாடிக்கொண்டிருக்கும்போது, தன் மனத்தில் உள்ளதை அந்த அடி சொல்லிவிட்டது என்று தோன்றினால், கேட்டிருக்கும் பெண் எழுந்து, ஆடி அசைந்து மேடைக்குப் போய், பாடகியின் கையில் ஒரு நோட்டை வைப்பாள். போகிற போக்கில், தன் கணவன்மேல் கண் வைத்தவளோ, தன்னைப் பற்றிப் புறம் பேசியவளோ உட்கார்ந்திருக்கும் பக்கம் ஒரு பார்வை. வாயால் ஒரு சொல்லும் சொல்லவில்லை! நமது மச்சிமார் கலியாண வீடுகளில் நாத்தனாருக்குச் சாடை பேசுவார்களே, அது போலத்தான், ஆனால் காசு கொடுத்து. நான் இதைப் பாராட்டவில்லை. புறம் பேசுவதற்குப் பதில் புறம் பாடுவதா நற்பண்பு? இருந்தும், மனத்தில் அடைத்து வைத்துச் சாகாமல் நாலு பேர் முன்னே ஓர் ஒழுங்குக்குள் அதை இறக்கி வைக்க ஓர் இடம் அந்தப் பெண்களுக்கு இருந்தது என்பதை மறுக்க முடியுமா?

பாட்டு மட்டுமா? உறுப்பினர் ஒருத்தி வீட்டில் கலியாணமோ மையித்தோ என்றால் சங்கம் கை கொடுக்கும். அந்தக் கரையோரத்தில் பெண்களின் ஆட்டக் குழுக்களும் பாட்டுக் குழுக்களும் வெகு காலமாகவே இப்படித்தான். தலைவி உண்டு, பதவிகள் உண்டு, சந்தா உண்டு. கென்யாவின் மொம்பாஸா நகரில் 1950களின் கடைசியில் அறபுப் பெண்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டபோது, அதை எதிர்த்து மனுவில் கையொப்பம் சேர்த்த பெண்கள் எங்கே பழகியவர்கள் என்று நினைக்கிறீர்கள்? லெலெமாமா என்ற பெண்கள் ஆட்டக் குழுக்களில் கூட்டம் கூட்டவும், கணக்கு வைக்கவும், ஒருவரையொருவர் அழைத்து வரவும் பழகியவர்கள் அவர்களில் இருந்தார்கள்.

இவ்வளவும் இருந்தும் ஒரு குறை இருந்தது. சங்கம் பெண்களுடையது, குரல் பெண்களுடையது. வாத்தியம் வாசிப்பவர்கள் ஆண்கள். கலியாண வீட்டில் பெண்கள் பகுதிக்குள்ளேயும் வாசிப்பதற்கு ஆண்களைத்தான் கூப்பிட வேண்டும். அவர்கள் வர மறுத்தால் பாட்டும் இல்லை. அவர்கள் கேட்ட கூலியைக் கொடுத்த பின்புதான் மீதி. பெண் வாத்தியம் தொட்டால் அடக்கமில்லாதவள் என்று பேச்சு. பாடினால் சரி, நரம்பைத் தொட்டால் பிழை என்ற இந்தக் கணக்கு எனக்கு இன்றும் விளங்கவில்லை.

2009இல் மர்யம் ஹம்தானி என்ற மூத்த பெண் பத்திரிகையாளர் தௌஸி என்ற குழுவை அமைத்தார். தௌஸி என்றால் மயில். முழுவதும் பெண்கள். கானூனும் வயலினும் ஊத்தும் அவர்களே பழகிக்கொண்டார்கள். பிள்ளை பெற்று வளர்த்த பெண்கள், தலைத் துணி அணிந்து, வயலினைத் தோளில் சாய்த்து நிற்கும் படத்தைப் பார்த்தால் நம் வீட்டு ராத்தாமார் போலவே இருக்கிறார்கள். தீவில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இசைப் பள்ளிக்கூடமும் வந்தது. கடற்கரையோரத்துப் பழைய சுங்கக் கட்டிடத்தில் நடந்த அந்தப் பள்ளியில் பெண் பிள்ளைகளும் வாத்தியம் படித்தார்கள். அங்கே படித்த சில இளைஞர்கள் 2015இல் அமைத்த குழுவுக்குச் சித்தியின் பெயரையே வைத்தார்கள்.

அவள் பெயர் இன்னோரிடத்திலும் ஒட்டிக்கொண்டது. 1987இல் தன்ஸானியாவின் பெண் பத்திரிகையாளர்கள் சேர்ந்து தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அதை ஆரம்பித்தவர்களில் ஸன்ஸிபாரைச் சேர்ந்த பாத்திமா அல்லூவும் ஒருவர். அவர்கள் வெளியிட்ட சஞ்சிகையின் பெயர் ஸவுதி யா சித்தி, அதாவது சித்தியின் குரல். அடி உதை, பாலியல் கொடுமை என்று மற்றப் பத்திரிகைகள் ஓரங்கட்டியவற்றை அவர்கள் எழுதினார்கள், வானொலிக்கும் கொண்டு போனார்கள். 1998இல் அந்நாட்டில் பாலியல் குற்றங்களுக்கான தனிச் சட்டம் வந்ததில் அந்தச் சங்கத்தின் உழைப்புக்கு நல்ல பங்கு உண்டு. கிஜிதி வழக்கைப் பாடியவளின் பெயருக்கு இதைவிடப் பொருத்தமான வேலை வேறென்ன?

இனி நமது பக்கம் வருவோம்.

கிழக்கிலங்கைப் பெண்களுக்குப் பாட்டுப் புதிதா? வயலில் புல்லுப் பிடுங்கும்போது கவி, தொட்டிலடியில் தாலாட்டு, கலியாண வீட்டில் குரவை. எழுதப் படிக்கத் தெரியாத மூத்தம்மாமார் நின்ற நிலையில் கவி கட்டினார்கள். பிற்காலத்தில் கவிகளைத் தேடிச் சேர்த்து அச்சிட்ட நல்ல மனிதர்கள் இருந்ததால்தான் இவ்வளவாவது மிஞ்சியது. அவர்களுக்கு அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும். ஆனால் நாட்டார் பாடல் என்ற ஒரு தலைப்பின் கீழே எல்லாம் ஒன்றாகிவிட்டது. யாரோ பாடியது, எந்தக் காலத்திலோ பாடியது என்று ஆகிவிட்டது. பாடியவளுக்கு ஒரு வாப்பா இருந்தார், ஒரு தெரு இருந்தது, ஒரு பெயர் இருந்தது. அது எங்கே?

ஹதீஸ் கலையில் நமது முன்னோர் என்ன செய்தார்கள்? யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற சங்கிலி இல்லாமல் ஒரு செய்தியை ஏற்க மாட்டார்கள். அந்தச் சங்கிலியில் பெண் வந்தால் பெண்ணின் பெயரையும் அப்படியே வைத்தார்கள். கி.பி. 11ஆம் நூற்றாண்டில் மக்காவில் ஸஹீஹுல் புகாரியைக் கற்பித்த கரீமா அல் மர்வஸிய்யாவின் பெயர் ஆயிரம் வருஷமளவாகியும் அழியவில்லை. பெண்ணின் பெயரை மறைப்பதுதான் மரியாதை என்று யார் நமக்குச் சொன்னது? கவியை ஹதீஸோடு வைத்துப் பேசுவதாக எண்ண வேண்டாம். பெயரைக் காப்பாற்றும் பழக்கத்தைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு மாமியின் விஷயத்தைச் சொன்னால் நான் என்ன சொல்ல வருகிறேன் என்பது விளங்கும். எழுபது தாண்டியவர், கிழக்கில் ஒரு வயற்கரை ஊர். கலியாண வீடொன்றில் பெண்கள் பகுதியில் அவர் தாலாட்டுப் பாடியதை, பக்கத்தில் நின்ற ஓர் இளைஞர் தொலைபேசியில் பிடித்து, பின்னணிக்கு ஏதோ இசையும் சேர்த்து, தன் பெயரைப் போட்டு இணையத்தில் விட்டுவிட்டார். வெளிநாட்டில் இருக்கிறவர்களெல்லாம் கேட்டு அழுதார்களாம். மாமியின் பேத்தி தொலைபேசியைக் கொண்டுவந்து காட்டினாள். மாமி முழுவதும் கேட்டார். பிறகு, "எண்ட பேரு எங்க மகள்?" என்றார். சற்றுப் பொறுத்து, "நடுவுல ரெண்டு அடி இல்லியே, அத யாரு வெட்டின?" என்றும் கேட்டார்.

அந்த இரண்டு அடியில்தான் அவருடைய மௌத்தான பிள்ளையின் பெயர் இருந்தது.

வீட்டில் பெரிய பிரச்சினை ஆகிவிட்டது. உம்மாவின் குரல் சந்தியில் கேட்பதா என்று மூத்த மகன் கொதித்தார். அழிக்கச் சொல்லிச் சண்டைக்குப் போனார். பேத்தியோ, மூத்தம்மாவின் பெயரைப் போட்டு எல்லோரும் கேட்கும்படி திரும்ப விட வேண்டும் என்றாள். இரண்டு பேரும் மாமிக்காகத்தான் வாதாடினார்கள். மாமியிடம் ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் அவரே வாய் திறந்தார்: "அழிக்கவும் வேணாம், ஊருக்கெல்லாம் உடவும் வேணாம். முழுசாப் புடிங்க, எண்ட பேரச் சொல்லுங்க, பெண்டுகளுக்குள்ள இருக்கட்டும்."

சகோதரிகளே, இந்த மூன்று வாக்கியத்தில் ஒரு சங்கத்தின் யாப்பே அடங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். உரிமை என்றால் ஊருக்குக் காட்டும் உரிமை மட்டும்தானா? காட்டாமல் வைத்துக்கொள்ளும் உரிமையும் அதில் சேர்ந்ததுதான். ஸன்ஸிபாரின் பெண்கள் சங்கங்களும் பெரும்பாலும் பெண்களுக்குள்ளேயே பாடியவைதாம். எவ்விடத்தில் நிறுத்துவது என்பதை அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

பேத்தியும் தெருவில் உள்ள இன்னும் நாலு பேரும் சேர்ந்து இப்போது அந்த வேலையைச் செய்கிறார்கள். ஒரு பாலர் பாடசாலை ஆசிரியை, இரண்டு தையல்காரிகள், உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு பார்த்திருக்கும் ஒரு பிள்ளை. பெரிய கருவி ஒன்றும் இல்லை. அவர்கள் பழகிக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். மின்விசிறியை நிறுத்த வேண்டும். குளிர்சாதனப் பெட்டியையும் அந்த நேரத்துக்கு நிறுத்த வேண்டும். வெறுஞ்சுவர் உள்ள அறை எதிரொலிக்கும். உடுப்பு அலுமாரியைத் திறந்து வைத்து, கட்டிலில் மெத்தையும் தலையணையும் இருக்கும் அறையில் உட்கார்த்தினால் சத்தம் கம்மாது. தொலைபேசியை விமான நிலைக்கு மாற்றி, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றுப் பக்கமாக வைக்க வேண்டும். நேரே வைத்தால் மூச்சுக் காற்று அடிக்கும். பாட்டுக்கு முன்பு பாடுகிறவரே தன் பெயரையும், ஊரையும், யாரிடம் இந்தக் கவியைக் கேட்டார் என்பதையும், அன்றைய திகதியையும் சொல்ல வேண்டும். இது முக்கியம். தனியே எழுதி வைத்தால் அந்தத் தாள் தொலைந்துபோகும். குரலுக்குள் இருந்தால் குரலோடு போகும். பிறகு ஒன்றும் வெட்டாத முழுப் பிரதியை இரண்டு வேறு வீடுகளில் வைக்க வேண்டும். வெட்டிக் குறுக்கிய பிரதி வேண்டுமென்றால் பாடியவருக்குப் போட்டுக் காட்டி, அவர் சரி சொன்ன பின்புதான்.

சட்டமும் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாட்டு எழுதியவருக்கு மட்டுமல்ல, பாடிக் காட்டியவருக்கும் உரிமை கொடுக்கிறது. நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் அதிலே பாதுகாப்பு உண்டு. ஒரு மாமி அதை வைத்துக்கொண்டு கோட்டுக்குப் போவார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்காமல் எடுத்துப் போட்டவரிடம், தம்பி, இது சட்டப்படியும் சரியில்லை என்று சொல்ல ஒரு பிடி வேண்டாமா?

இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையில் மாதர் மஜ்லிஸ் நிகழ்ச்சிக்கு அஞ்சலட்டை எழுதிவிட்டு, பெயர் வாசிப்பார்களா என்று அடுப்படியில் காது கொடுத்துக் காத்திருந்த தலைமுறை நாங்கள். பெயர் காற்றில் வந்த அந்தக் கணத்துக்காக ஒரு வாரம் காத்திருக்கலாம் என்பது உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும். இன்று ஒலிபரப்பும் கருவி ஒவ்வொரு வீட்டிலும் தலையணைக்கு அருகில் கிடக்கிறது. அதைப் பிடிக்கும் கை யாருடையது என்பதுதான் கேள்வி.

காசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நல்ல காரியத்தில் காசுப் பேச்சு எதற்கு என்று நம் பெண்கள் கூசுவார்கள். அந்தக் கூச்சத்தில்தான் கணக்கு வேறு கைக்குப் போகிறது. அந்த ஐந்து பேருக்கும் ஒரு கலியாண வீட்டாரிடமிருந்து, பழைய குரவைப் பாட்டுகளைப் பதிந்து தரச் சொல்லி முதன்முதலாக ஒரு தொகை வந்தது. சேர்த்து வைத்து ஒலிவாங்கி வாங்கலாம் என்று ஒருத்தி, பாடிய மாமிமாருக்கே கொடுக்க வேண்டும் என்று இன்னொருத்தி. இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லையாம். பாதியைப் பாடியவர்களுக்கும் பாதியைக் கருவிக்குமாகப் பிரித்தார்கள். பாடிய மூவரில் ஒருவர் அதற்குள் மௌத்தாகிவிட்டார். அவருடைய பங்கை மகள் வந்து வாங்கிக்கொண்டாள்.

கணக்கை எழுத ஒரு சீ.ஆர். கொப்பி எடுத்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் கோடு போட்டு நாலு நிரல்: பாடியவர் பெயர், பாட்டு, யார் யார் கேட்கலாம், கொடுத்த தொகை. மூன்றாவது நிரலில் மாமியின் பெயருக்கு நேரே, பெண்டுகளுக்குள் மட்டும் என்று பேத்தி எழுதி, கீழே மாமியின் கையொப்பம் வாங்கியிருக்கிறாள். மாமிக்குக் கையொப்பம் வைக்கத் தெரியாது என்றுதான் வீட்டில் எல்லோரும் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்கள். அறபு எழுத்தில் தன் பெயரை வலமிருந்து இடமாக, நிதானமாக எழுதினாராம்.